மலேரியா போன பாதையில் ஆறு நாள்

முதல் நாள் – கொழும்பு, நாரஹேன்பிட்டி

போன மாதம் எங்கள் ஊரில் ஓர் இரத்ததான முகாம். படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்த தாதிப் பிள்ளை, "மலேரியா வந்திருக்கிறதா?" என்று வழக்கம்போலக் கேட்டாள். "சின்ன வயதில் நாலு முறை" என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் ஒரு மலேரியா நோயாளியைக்கூடக் கண்டதில்லை அக்கா" என்றாள். அந்தப் பார்வைதான் இந்தப் பயணத்துக்குக் காரணம். வன்னியில் எங்களைப் புரட்டியெடுத்த ஒரு நோய் ஒரு தலைமுறைக்குள் எப்படி இப்படி இல்லாமல் போனது? போக வைத்தவர்கள் யார்? வெளியிலிருந்து வந்த உதவி அதில் எவ்வளவு? ஆறு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

எல்விட்டிகல மாவத்தையில் உள்ள பொதுச் சுகாதாரக் கட்டடத் தொகுதியில் மலேரியாத் தடை இயக்கத்தின் தலைமையகம் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குப் போனேன். வாங்கில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இரத்தினபுரிப் பக்கத்துப் பிள்ளைகள், மாணிக்கக்கல் வியாபாரத்துக்காக மடகஸ்கார் போகிறவர்கள். புறப்படும் முன் தடுப்பு மாத்திரை வாங்க வந்திருந்தார்கள். மாத்திரை இலவசம். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால் உடனே இங்கே சொல்ல வேண்டும் என்று அலுவலர் இரண்டு முறை சொல்லி அனுப்பினார். இன்று இலங்கைக்கு மலேரியா வருவது இப்படி விமானத்தில்தான். ஆபிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் நோயோடு வருகிறவர்கள் ஆண்டுக்கு ஐம்பது பேர் அளவில் பிடிபடுகிறார்கள்.

ஆய்வுகூடத்தில் ஒரு மூத்த தொழில்நுட்பவியலாளர் என்னை நுணுக்குக்காட்டிக்கு முன்னால் உட்கார வைத்தார். எண்ணெய்த் துளி விட்ட சிலைட். நான் பார்த்தது ஊதா நிறப் புள்ளிகள்தான். "இது மோதிர வடிவ ஒட்டுண்ணி, இது வெறும் சாயக் கசடு" என்று அவர் காட்டிய பிறகும் எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. சிலைட்டில் தடிப்பாகப் பூசிய இரத்தத்தில் குறைந்தது நூறு புலங்களை, அதாவது நுணுக்குக்காட்டிக்குள் ஒரே நேரத்தில் தெரியும் வட்டங்களை, பார்க்காமல் "இல்லை" என்று எழுதக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. நூறு என்றால் எவ்வளவு என்று நானே எண்ணிப் பார்த்தேன். முப்பதிலேயே கண் எரிந்தது.

உலக சுகாதார ஸ்தாபனம் உங்களுக்கு என்ன செய்தது என்று அவரைக் கேட்டேன். மருந்து, பணம், வாகனம் என்று ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "எங்களுக்குப் பரீட்சை வைத்தது" என்றார். விடை தெரியாத சிலைட்டுகள் வரும். ஒட்டுண்ணி இருக்கிறதா, எந்த இனம், எத்தனை என்று எழுத வேண்டும். நான்கு தரங்கள் உண்டு. கிடைக்கும் சான்றிதழ் மூன்று ஆண்டுக்குத்தான் செல்லும், பிறகு திரும்ப எழுத வேண்டும். நோய் மலிந்திருந்த காலத்தில் தினமும் பத்துப் பதினைந்து பார்த்த கண், இப்போது மாதக்கணக்கில் ஒன்றையும் பார்ப்பதில்லை. பார்க்காத கண் மறந்துவிடும். மறந்த நாளில் மடகஸ்காரிலிருந்து வந்த ஒரு சிலைட் கையில் கிடைத்தால் ஓர் உயிர் போகும். அதனால்தான் பரீட்சை. எனக்கு இது புதிய செய்தி.

நாடுகள் சேர்ந்து 1948 இல் உண்டாக்கிய ஸ்தாபனம் அது. இலங்கை அதே ஆண்டே சேர்ந்துவிட்டது. அது எந்த நாட்டிலும் வைத்தியசாலை நடத்துவதில்லை. ஓர் அரசு கேட்டால் நிபுணரை அனுப்பும், எந்த மருந்து எந்த அளவில் என்று வழிகாட்டும், ஆட்களைப் பயிற்றும், கணக்கைச் சரிபார்க்கும். மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழும் அப்படித்தான். அரசுதான் விண்ணப்பிக்க வேண்டும். உள்ளூரில் பரவிய நோயாளி ஒருவர்கூட இல்லாமல் தொடர்ந்து மூன்று ஆண்டாவது போயிருக்க வேண்டும். அதன்பின் வெளியிலிருந்து வரும் சுயாதீன நிபுணர்கள் கோப்புகளைப் புரட்டி, கிராமங்களுக்கும் போய்ப் பார்ப்பார்கள். சான்றிதழுக்கு முன் இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். சான்றிதழ் கிடைத்தது 2016 செப்டெம்பர் 5. அந்த வேலைக்கு வழிகாட்டியவர்களில் பேராசிரியர் கமினி மெண்டிஸ் ஒருவர். ஜெனீவாவில் அந்த ஸ்தாபனத்தின் மலேரியாப் பிரிவில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பியவர். உதவி என்பது எப்போதும் வெளிநாட்டு முகத்தோடு வருவதில்லை என்பதை எழுதி வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் – களுத்துறை

கோட்டையிலிருந்து கடற்கரை ரயில். ஜன்னலுக்கு வெளியே அலை, உள்ளே கடலை விற்கிறவர்கள். களுத்துறைக்கு ஏன் போகிறாய், அங்கே மலேரியா இருக்கவில்லையே என்று தோழி கேட்டாள். உண்மைதான். நான் அங்கே போனது இந்தக் கதையின் எலும்புக்கூட்டைப் பார்க்க.

உலக சுகாதார ஸ்தாபனம் பிறப்பதற்கு முன்பே வெளிநாட்டுச் சுகாதார உதவி இங்கே வந்துவிட்டது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் சர்வதேச சுகாதாரப் பிரிவு 1916 இல் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. தோட்டங்களில் வேலை செய்தவர்கள் எங்கள் தமிழ்ச் சனம். மருந்து கொடுத்தார்கள், புழு போனது. சில மாதத்தில் திரும்பி வந்தது. மலசலகூடம் கிடையாது, வெறுங்காலோடு அதே மண்ணில் நடக்கிறார்கள், வராமல் என்ன செய்யும்? ஒரு நோய்க்கு ஒரு மருந்து என்று வந்தவர்கள் அங்கேதான் ஒரு பாடம் படித்தார்கள். மருந்தோடு வந்து மருந்தோடு போனால் ஒன்றும் நிற்காது. ஊரோடு இருக்கிற ஓர் அமைப்பு வேண்டும்.

அப்படித்தான் 1926 இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதியர், மருத்துவ மாதுக்கள். நோய் வந்தவரைக் காத்திருந்து பார்ப்பதற்குப் பதிலாக, வீடு வீடாகப் போகிற அமைப்பு. பிறப்பு, இறப்பு, கிணறு, மலசலகூடம், தடுப்பூசி எல்லாம் ஒரே இடத்தில். இன்று நாடு முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் இருக்கின்றன. அத்தனைக்கும் தாய்வீடு களுத்துறை. இப்போது அங்கே தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இருக்கிறது. வெள்ளைச் சீருடையில் பயிற்சி மாணவிகள் கூட்டமாகக் கடந்து போனார்கள்.

எங்கள் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து, என் குழந்தையின் எடையை அட்டையில் குறித்துவிட்டுப் போன குடும்பநல உத்தியோகத்தரை நினைத்துக்கொண்டேன். அவர் வருவது எனக்கு மழை பெய்வது போல இயல்பான காரியம். அதற்கும் ஒரு தொடக்கம், ஓர் ஆண்டு, ஓர் ஊர் இருக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. வெளியிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போனவற்றுள் மிகப் பெரியது இதுதான் என்பது என் எண்ணம். மருந்தை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். இதை முடியாது.

மூன்றாம் நாள் – குருநாகல்

யானைப் பாறைக்குக் கீழே வெயில் கொளுத்துகிறது. இலங்கையின் முதல் மலேரியாத் தடை வேலை 1911 இல் இந்த ஊரில்தான் தொடங்கியது.

ஓட்டோ பிடித்து ஊருக்கு வடக்கே தெதுறு ஓயாவைப் பார்க்கப் போனேன். நடு ஆற்றில் மணல்திட்டு, அங்கங்கே தேங்கிய குட்டை. அழகாகத்தான் இருந்தது. ஆனால் 1934 இல் இந்த ஆறும் மகா ஓயாவும் இப்படியே வற்றிக் குட்டை குட்டையாய் நின்றன. ஓடும் தண்ணீரில் முட்டையிட முடியாத அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு அந்தக் குட்டைகள் தொட்டிலாயின. மழைக்காலத்தில் அல்ல, மழை பொய்த்தபோதுதான் இலங்கையில் கொள்ளைநோய் வந்தது. ஏழெட்டு மாதத்தில் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். குருநாகலும் கேகாலையும்தான் அதிகம் இழந்தன. மலேரியா மருந்தான குயினைன் இருந்தது. ஆனால் வறட்சியால் வயிறு ஒட்டிப்போன உடம்பில் மருந்து மட்டும் என்ன செய்யும்? கிராமங்களுக்குப் பருப்பு கொண்டுபோய்க் கொடுத்த இடதுசாரித் தலைவர் என். எம். பெரேராவுக்குச் சனங்கள் "பருப்பு மாத்தையா" (பருப்பு ஐயா) என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

மாலையில் ஒரு முதியவரைச் சந்தித்தேன். மலேரியா இயக்கத்தில் மருந்தடிப்பாளராகச் சேர்ந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. எனக்குச் சிங்களம் அரைகுறை, அவருடைய பேத்தி உதவி செய்தாள்.

அவருடைய கதை 1963 இல் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த டிடிடி என்ற பூச்சிகொல்லி வீட்டுச் சுவர்களில் அடிக்கப்பட்டு மலேரியா மளமளவென்று குறைந்தது. 1955 இல் ஸ்தாபனத்தின் உறுப்பு நாடுகள் கூடும் உலக சுகாதாரப் பேரவை உலகம் முழுவதும் மலேரியாவை ஒழிப்போம் என்று முடிவெடுத்தது. இலங்கை அதன் நல்ல மாணவன். 1963 இல் நாடு முழுவதும் எத்தனை நோயாளிகள் தெரியுமா? 17. அதிலும் 11 பேர் வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்தவர்கள்.

"பம்புகளைக் கழுவிக் களஞ்சியத்தில் வைத்துப் பூட்டினோம் மகள்" என்றார். இனி வேலை இல்லை என்று சில ஆட்களை வேறு பகுதிக்கு மாற்றினார்களாம். காய்ச்சல்காரருக்கு இரத்தம் எடுப்பதும் குறைந்தது. பிறகு மழை பொய்த்தது. எலஹெர பக்கம் மாணிக்கக்கல் தோண்ட ஆயிரக்கணக்கானோர் காட்டுக்குள் போய்க் குடிசை போட்டார்கள். நோயைக் காவிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1969 ஆகும்போது நோயாளிகள் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பூட்டைத் திறந்து பம்பை எடுத்தபோது வாஷர்கள் இறுகிக் காய்ந்துபோயிருந்தன என்று சொல்லும்போது அவர் விரல்கள் அந்த வாஷரைத் திருகுவது போலவே அசைந்தன.

இதில் ஸ்தாபனத்தின் பிழையும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஒரே மருந்து, ஒரே அட்டவணை, எல்லா நாட்டுக்கும் ஒரே திட்டம் என்று நம்பினார்கள். 1969 இல் பேரவையே அந்த வழியைக் கைவிட்டு, நாட்டுக்கு நாடு ஏற்ற திட்டம் வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. வெளியிலிருந்து வரும் அறிவுரையை அப்படியே தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். 2016 சான்றிதழுக்குப் பிறகும் பரீட்சை ஏன் தொடர்கிறது என்பதும் இப்போது விளங்கியது. அந்த 17 ஐ யாரும் மறக்கவில்லை.

நான்காம் நாள் – ரயிலில், வவுனியா

நாள் முழுக்க ரயில்தான். மாஹோ, அனுராதபுரம், மதவாச்சி. வவுனியாவில் இறங்கும்போது பின்னேரம். ஒரு சுகாதாரப் பரிசோதகரோடு பத்து நிமிடம் தொலைபேசியில் பேசியதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும்: 2018 டிசம்பரில் மொனராகலையில் ஒருவருக்கு மலேரியா. அவர் வெளிநாடு போனதே இல்லை. இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்த ஒருவருடைய நோயை உள்ளூர் நுளம்பு இவருக்குக் கொண்டுவந்திருந்தது. ஆறு ஆண்டுக்குப் பிறகு முதல் முறை. உடனே சுற்றியுள்ள வீடுகளில் இரத்தம் எடுத்து, மருந்தடித்து அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். பரவவில்லை. "அன்று நாங்கள் தூங்கவில்லை அக்கா" என்றார் தம்பி. மொனராகலை எங்கே, வவுனியா எங்கே. ஆனாலும் தூங்கவில்லை.

ஐந்தாம் நாள் – மாங்குளம், மல்லாவி

இந்த நாளை எழுத நேரமாகிவிட்டது. அறைக்கு வந்து நெடுநேரம் சும்மா இருந்தேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு சண்டை நெருங்கியதால் யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து நடந்தவர்களில் நாங்களும் இருந்தோம். தென்மராட்சி, பிறகு கிளாலிக் கடல், பிறகு வன்னி. எனக்குப் பத்து வயது. மல்லாவியில் ஒரு காணிக்குள் கொட்டில் போட்டு இருந்தோம். யாழ்ப்பாணத்தில் நுளம்பு என்றால் காதுக்குள் ஒரு சத்தம், அவ்வளவுதான். வன்னியில் அது வேறு.

முதலில் குளிர். நல்ல வெயிலில் குளிர். அம்மா சாக்கு, சீலை, சாரம் எல்லாவற்றையும் போட்டு மூடி மேலே தானும் படுத்துக்கொள்வா. அப்படியும் பல் அடிக்கும். பிறகு நெருப்பு. பிறகு வியர்வை, உடுப்புப் பிழியலாம். அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போல எழும்பி விளையாடப் போவேன். அதற்கு அடுத்த நாள் அதே நேரத்துக்குத் திரும்ப வரும். முறைக்காய்ச்சல் என்று கிழவிமார் சொன்னார்கள். குளோரோகுயின் கசப்பு இன்னும் என் நாக்கின் அடியில் இருக்கிறது. மருந்து சில கிழமை வரும், சில கிழமை வராது. செஞ்சிலுவைக் கொடி கட்டிய லொறி வருகிறது என்றால் சிறுவர்கள் நாங்கள் வீதிக்கு ஓடுவோம்.

குணமாகி நாலைந்து மாதத்தில் திரும்ப வந்தது. மாத்திரை போலி என்று அம்மா அழுதா. மாத்திரை போலியில்லை. வைவக்ஸ் வகை மலேரியா ஈரலுக்குள் ஒளிந்து தூங்கும். தூங்கும் அதைக் கொல்ல பிறைமாகுயின் பதினாலு நாள் விழுங்க வேண்டும். நாலாம் நாள் காய்ச்சல் நின்றதும் மிச்ச மாத்திரையைத் தம்பிக்குத் தேவைப்படும் என்று அம்மா முடிச்சுப் போட்டு வைத்துவிட்டா. அந்த முடிச்சு எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. யாரும் அவவுக்கு விளங்கப்படுத்தவில்லை. இன்று ஒரு நோயாளி பிடிபட்டால், பதினாலு நாளும் மாத்திரை உள்ளே போனதா என்று பார்க்கவும், அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் இரத்தம் எடுத்துப் பார்க்கவும் ஆள் இருக்கிறார்.

இன்று மல்லாவி வைத்தியசாலையில் ஒரு மூத்த உத்தியோகத்தருடன் கதைத்தேன். அந்தக் காலம் முழுவதும் இங்கேயே இருந்தவர். சண்டை நடந்த ஆண்டுகளிலும் இரத்தச் சிலைட்டுகள் சோதனைச் சாவடி தாண்டிப் போயின, மருந்தடிக்கும் ஆட்கள் இரண்டு பக்கமும் போய்வந்தார்கள் என்றார். நுளம்பு எந்தப் பக்கம் என்று பார்த்துக் கடிக்கவில்லை. இரண்டு பக்கத்துப் பெடியன்களும் காய்ச்சலில் விழுந்தார்கள், அதனால் இந்த வேலையை மட்டும் எவரும் மறிக்கவில்லை என்பது அவருடைய விளக்கம். எயிட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியத்தின் பணம் வந்த பிறகு மருந்து ஊறிய வலைகள் பெருமளவில் வந்தன. நடமாடும் கிளினிக் வாகனம் காட்டு எல்லைக் கிராமங்களுக்குப் போய், காய்ச்சலுக்குக் காத்திராமல் இரத்தம் எடுத்தது. 1999 இல் நாட்டில் 2 லட்சத்து 64 ஆயிரம் நோயாளிகள். பதின்மூன்று ஆண்டில் உள்ளூர் நோய் நின்றுவிட்டது.

"வெளியால வந்த காசு இல்லாட்டி ஏலாதுதான் பிள்ளை. ஆனா காசு நடக்காது. நடந்தது நாங்கள்" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. சைக்கிளின் செயினைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

எங்கள் கொட்டில் இருந்த காணியைத் தேடினேன். அங்கே இப்போது ஒரு கல்வீடு. முற்றத்தில் ஒரு சிறுமி துள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை.

ஆறாம் நாள் – மன்னார்

பாலத்தைத் தாண்டும்போது காற்று பஸ்ஸையே தள்ளியது. தெருவில் கழுதைகள். வெயிலில் வெள்ளையாய்க் கண்கூசும் ஊர்.

சான்றிதழ் கிடைத்து மூன்று மாதத்தில், 2016 டிசம்பரில், இந்தத் தீவின் கிணறுகளில் ஒரு புதிய நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். அனோபிலிஸ் ஸ்டெபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது இதுதான். பழைய குலிசிபேசிஸ் போல ஆற்றுக் குட்டையைத் தேடிப் போகாது. கிணறு, தண்ணீர்த் தொட்டி, கட்டட வேலைக்குத் தேக்கிய நீர், எல்லாம் அதற்குப் போதும். ஆபிரிக்காவின் ஜிபூட்டியில் 2012 இல் இது வந்தபோது நாட்டிலேயே 27 நோயாளிகள்தான். 2020 இல் 73,000 ஐத் தாண்டியது. ஆகவே மன்னாரில் ஒரு வாளித் தண்ணீரில் நெளிந்த குடம்பி, அந்த நுளம்பின் புழு, சின்ன விஷயமில்லை. அதைக் கண்டுபிடித்ததே ஒரு வெற்றி என்று நினைக்கிறேன். நோய் இல்லை என்று சான்றிதழ் வாங்கிய பிறகும் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த ஒருவர் இருந்திருக்கிறார். பிறகு யாழ்ப்பாணத்திலும் அகப்பட்டது.

மன்னாரில் வேலை செய்யும் பரிசோதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டார். பின்னால் கயிறு கட்டிய வாளி, வெள்ளைத் தட்டு, பிளாஸ்டிக் போத்தலில் குடம்பி தின்னும் கப்பி மீன்கள். முதல் வீட்டில் ஒரு வயதான அம்மா. "திரும்பவும் வந்திட்டியா தம்பி? போன கிழமைதானே பாத்தனி?" என்றார். "போன மாசம் அம்மா" என்று சிரித்துக்கொண்டே வாளியை இறக்கினார். தண்ணீரைத் தட்டில் ஊற்றிக் குந்தியிருந்து பார்த்தார். நானும் குந்தினேன். தண்ணீரின் மேற்பரப்போடு சமமாகப் படுத்துக் கிடந்தால் அனோபிலிஸ் குடம்பி, தலைகீழாகத் தொங்கினால் மற்ற நுளம்பு. அன்று இரண்டும் இல்லை. ஒரு சருகு மட்டும்.

உலக சுகாதார ஸ்தாபனம் இந்த நுளம்பு பற்றி 2019 இல் எல்லா நாடுகளுக்கும் எச்சரிக்கை விட்டது. எந்த மருந்துக்கு அது சாகும், எதற்குச் சாகாது என்று சோதிக்கும் முறையும் தருகிறது. ஆனால் அந்த ஸ்தாபனத்தின் சொந்தக் கையும் இப்போது இறுகியிருக்கிறது. உறுப்பு நாடுகளின் கட்டாயச் சந்தா அதன் வரவில் சிறு பங்குதான். மிச்சத்தில் பெரும்பகுதி கொடுப்பவர்கள் இதற்கு, அதற்கு என்று பெயர் எழுதித் தரும் பணம். நோயாளி பூச்சியம் என்று ஆன நாட்டின் மலேரியாவுக்கு யார் பெயர் எழுதித் தருவார்கள்? 2025 ஜனவரியில் அமெரிக்கா விலகுவதாக அறிவித்ததும் அந்த இறுக்கம் இன்னும் கூடிவிட்டது. குருநாகல் முதியவரின் காய்ந்த வாஷர் எனக்கு நினைவுக்கு வந்தது. இந்தத் தம்பியின் பெற்றோல் செலவும், நாரஹேன்பிட்டியில் அந்தச் சிலைட்டுப் பெட்டியும் நிற்கக் கூடாது. யார் கொடுத்தாவது, எங்கள் அரசே கொடுத்தாவது, நிற்கக் கூடாது.

மதியத்துக்குள் பதினொரு கிணறு பார்த்தோம். பாவிக்காத ஒரு கிணற்றை மூடும்படி சொல்லி எழுதிக் கொடுத்தார். இன்னொன்றில் போத்தலைச் சரித்து மீன்களை விட்டார். அவை ஒரு கணம் திகைத்து நின்று, பிறகு சுவரோரமாகப் பிரிந்து போயின. பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் "குடம்பி இல்லை" என்று எழுதித் திகதி போட்டார். எனக்கு ஒன்றரை மணிக்கு யாழ்ப்பாண பஸ். சந்தியில் இறக்கிவிட்டு, "இந்தப் பக்கம் இன்னும் ஒன்பது இருக்கு அக்கா" என்று வண்டியைத் திருப்பினார். வாளி பின்னால் ஆடிக்கொண்டே போனது.